இரண்டடி சோப்புக் கட்டி: ஒரே மூச்சில் ஊற்றலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். காட்பாடியில் ஓவியம் படிக்கிறீர்கள். பாலாற்றைப் பற்றிய ஒரு கலைக் காட்சிக்காக நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டடி உள்ள ஒரே சோப்புக் கட்டி வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அதில் தேய்த்துக் கை கழுவுவார்கள். கழுவக் கழுவக் கட்டி தேய்ந்து வடிவம் மாறும். வீட்டில் தேங்காய் எண்ணெயில் ஒரு கிலோ அளவுக்கு சோப்பு போட்ட பழக்கம் உண்டு. அதே கணக்கைப் பெருக்கி ஒரே அச்சில் ஊற்றலாமா, காஸ்டிக் கரைக்க ஆம்பூர்ப் பக்கத்துக் கிணற்று நீரை எடுக்கலாமா, எத்தனை நாள் காய வேண்டும்? இவைதான் உங்கள் கேள்விகள்.

கணக்கைப் பெருக்கலாம். ஆனால் ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. கிணற்று நீர் எடுக்கலாம், மொத்தத்துக்கும் அல்ல. இரண்டடிக் கட்டி உள்வரை காய்வது நடக்காத காரியம். காயாது என்று வைத்துக்கொண்டுதான் திட்டமே போட வேண்டும்.

முதலில் எடையைப் பாருங்கள். இரண்டடி என்பது சுமார் 61 சென்டிமீட்டர். அந்தக் கனசதுரத்தின் கொள்ளளவு கிட்டத்தட்ட 227 லிட்டர். சோப்பின் அடர்த்தி தண்ணீரை விடக் கொஞ்சம் கூடுதல், ஆக கட்டி 230 கிலோ வரும். அதில் எண்ணெய் மட்டும் ஏறக்குறைய 160 கிலோ, காஸ்டிக் சோடா 23 கிலோ, தண்ணீர் 46 கிலோ. ஒரு கிலோ எண்ணெயில் சோப்பு போட்ட கைக்கு இது வேறு உலகம். எண்ணெயும் காஸ்டிக்கும் அதேதான், வெப்பம்தான் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்து சோப்பாகும்போது வெப்பம் வெளியாகிறது. இரண்டு மூன்று அங்குல ஆழமுள்ள அச்சில் அந்த வெப்பம் நாலாபக்கமும் கசிந்து போய்விடும். தொட்டால் சூடாக இருக்கும், மறுநாள் ஆறிவிடும். இரண்டடிக் கட்டியின் நடுவில் உண்டாகும் வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. சுற்றியிருக்கும் சோப்பே அதற்குப் போர்வை. தடிமன் இரண்டு மடங்கானால் வெப்பம் வெளியேற ஆகும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. நடுவில் வெப்பம் ஏற ஏற வினை வேகமெடுக்கும், வினை வேகமெடுத்தால் வெப்பம் இன்னும் ஏறும். கடைசியில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, மேல்தளம் பிளந்து, கலவை அச்சைத் தாண்டிப் பொங்கி வழியும். அது அரைகுறையாக வினை முடிந்த, காரம் போகாத, கொதிக்கிற கலவை. பக்கத்தில் நிற்கிறவர் மேல் தெறித்தால் சூடும் காரமும் சேர்ந்து சுடும். பொங்காமல் தப்பித்தாலும் நடுப்பகுதி கண்ணாடி மாதிரியான ஜெல் நிலைக்குப் போய் நிறம் கறுத்து, ஓரம் வெளுத்து, இரண்டுக்கும் நடுவே வட்டமாக ஒரு கோடு நிற்கும். உள்ளே குழிகள் விழும், அவற்றில் எண்ணெயும், சோப்போடு சேர்ந்தே உண்டாகும் கிளிசரினும் தேங்கி நிற்கும். வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் அறையில் இதைச் செய்தால் தொடக்க வெப்பமே உங்களுக்கு எதிராக இருக்கும்.

பழைய சோப்பு ஆலைகள் பெரிய கட்டிகளை வார்த்தது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பிய, அமெரிக்க ஆலைகளில் ‘பிரேம்’ என்ற பெரிய பெட்டிகளில் அரை டன் அளவுக்குக்கூட ஒரே கட்டியாக வார்த்து, ஆறியபின் கம்பியால் பலகை பலகையாக அறுத்தார்கள். ஆனால் அவர்கள் அதில் ஊற்றியது கொப்பரையில் காய்ச்சி வினை முழுவதும் முடிந்த சோப்பு. பெட்டிக்குள் புதிதாக வெப்பம் பிறக்காது. இருக்கிற சூடு ஆறினால் போதும், அதற்கே பல நாள் ஆகும். சிரியாவின் அலெப்போவிலும் பாலஸ்தீனத்தின் நாப்ளஸிலும் இன்றும் ஆலிவ் எண்ணெய் சோப்பைக் கொப்பரையில் காய்ச்சித் தரையெங்கும் சில சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி ஆறவிட்டு அறுக்கிறார்கள். இரண்டு ஊர்க் கைத்தொழிலையும் யுனெஸ்கோ 2024இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. காய்ச்சி ஊற்றினாலும் சரி, மெல்லியதாகப் பரப்பினாலும் சரி, வினையின் வெப்பத்தைப் பெரிய கட்டிக்கு வெளியே வைத்தே முடித்துவிட வேண்டும். உங்கள் வேலைக்கும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான்.

சரி, உங்களுக்கு என்ன வழிகள் இருக்கின்றன?

ஒன்று, ஆலைக்காரர்கள் போலக் காய்ச்சி ஊற்றுவது. 230 கிலோவைக் காய்ச்ச உங்களிடம் கொப்பரை கிடையாது. பகுதி பகுதியாகக் காய்ச்சினால் சோப்பு மசித்த உருளைக்கிழங்கு பதத்துக்கு வந்துவிடும், ஊற்ற முடியாது, அள்ளி அமுக்கத்தான் முடியும். இடையில் காற்றுப் பைகள் நிற்கும். நீர்க்க வைக்கத் தண்ணீரைக் கூட்டினால் பின்னால் சுருக்கம் கூடும். இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, செங்கல் அளவில் தனித்தனியாக வார்த்து அடுக்குவது. பாலஸ்தீனக் கலைஞர் மோனா ஹாதூம் 1996இல் ஜெருசலேமில் வைத்த ஒரு படைப்பில் நாப்ளஸ் சோப்புக் கட்டிகள் இரண்டாயிரத்துக்கும் மேல் தரையில் அடுக்கி, அவற்றின் மேல் சிவப்புக் கண்ணாடி மணிகளால் ஒரு வரைபடம் பதித்திருந்தார். கட்டிகளுக்கு நடுவிலிருந்த இடைவெளிகளும் அதில் பொருளோடுதான் இருந்தன. உங்கள் எண்ணம் அப்படி இல்லை. கட்டி ஒரே உடலாக நின்று தேய வேண்டும் என்கிறீர்கள். செங்கல்களைப் புதுக் கலவையால் ஒட்டினாலும், தண்ணீர் பட்டுத் தேயும்போது ஒட்டின கோடுகள்தான் முதலில் திறக்கும்.

அதனால் நான் சொல்வது மூன்றாவது வழி. முதலில் சிறு சிறு வார்ப்புகளாக சோப்பு போட்டு வெட்டித் துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெரிய அச்சில் அந்தத் துண்டுகளை அடுக்கி, இடைவெளிகளில் மட்டும் புதுக் கலவையை ஊற்றுங்கள், அதுவும் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்காக. பெரிய அணைகளுக்குக் கான்கிரீட் போடுகிறவர்களும் சிமென்டின் வெப்பத்துக்கு அஞ்சித்தான் ஒரே நாளில் மொத்தத்தையும் கொட்டாமல் அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். கையால் நெருக்கி அடுக்கினால் மொத்தக் கொள்ளளவில் 60 சதவீதம் வரை பழைய துண்டுகளே பிடித்துக்கொள்ளும். மீதி 40 சதவீதம்தான் வினை நடக்கிற கலவை. அந்த வெப்பத்தையும் சுற்றியிருக்கும் குளிர்ந்த துண்டுகள் உறிஞ்சிக்கொள்ளும். பொங்குவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

இதில் இன்னொரு நன்மை உங்கள் படைப்புக்கே நேரடியாக உதவும். கை கழுவி மேல்தளம் தேயத் தேய உள்ளே புதைந்த துண்டுகளின் வெட்டுமுகங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, வாலாஜாபேட்டை என்று ஆறு போகும் ஊர்களின் நீரில் போட்ட துண்டுகளைத் தனித்தனி மண் நிறத்தில் செய்து கீழிருந்து மேலாக வைத்தால், கட்டி தேயும்போது ஆற்றின் வழியைக் கைகள் எதிர்த்திசையில் கண்டுபிடிக்கும். இது உங்கள் முடிவு; துறை தெரிந்தவர் நீங்கள். செய்முறை அதற்கு இடம் கொடுக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எண்ணெய்க்கு வருகிறேன். வெறும் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது வேகமாக வினை புரிந்து அதிகம் சூடாகும், இறுகியபின் நொறுங்கும் தன்மையும் உண்டு, தினமும் கை கழுவினால் தோல் வறளும். நம் பக்கம் கடலை எண்ணெய் தாராளமாகக் கிடைக்கும், வடஆற்காடு கடலைக்குப் பேர்போன மண். ஆனாலும் கடலை எண்ணெய் சோப்பு மெதுவாகத்தான் இறுகும். மாதக்கணக்கில் காட்சியில் நிற்கும்போது செம்மஞ்சள் புள்ளிகள் விழுந்து சிக்கு வாடை வரும் ஆபத்து கடலை, நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் மூன்றிலும் கூடுதல். இலுப்பை, புங்கம், வேம்பு எண்ணெய்கள் துணி சோப்புக்கு நல்லவைதான். மணமும் நிறமும் தூக்கலாக இருக்கும் என்பதால் ஒரு சில துண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டியின் பெரும்பகுதிக்கு நான் சொல்வது பாமாயில் 75 பங்கு, தேங்காய் எண்ணெய் 25 பங்கு. இரண்டுமே வேலூர்க் கோடை வெயிலில் தானாக உருகிய நிலையில் இருக்கும்; குளிர் நாளில் உறைந்திருந்தால் லேசாகச் சூடாக்கி உருக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் காஸ்டிக் தேவை வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 0.183 கிராம், பாமாயிலுக்கு 0.141 கிராம். நான் சொன்ன கலவையில் ஒரு கிலோ எண்ணெய்க்கு 151.5 கிராம் வரும். அதிலிருந்து 5 சதவீதம் குறைத்து 144 கிராம் போடுங்கள், கொஞ்சம் எண்ணெய் வினைபுரியாமல் நிற்பது கைக்கு நல்லது. தண்ணீர் காஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு, அதாவது 288 கிராம். எண்ணெய் விகிதத்தை மாற்றினால் காஸ்டிக்கை மறுபடி கணக்குப் போடாமல் தொடவே தொடாதீர்கள். எல்லாம் எடையில்தான், லிட்டரில் அளக்கக் கூடாது. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இல்லை, 910 கிராம் பக்கம்தான்.

துண்டுகளுக்கு ஒவ்வொரு முறையும் 5 கிலோ எண்ணெய் எடுங்கள். 720 கிராம் காஸ்டிக், 1,440 கிராம் தண்ணீர். ஏழு கிலோ சோப்பு கிடைக்கும். இப்படி இருபது முறை போட்டால் துண்டுகளுக்கு வேண்டிய 140 கிலோ சேர்ந்துவிடும். மூன்று அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத அச்சு போதும். மறுநாளோ மூன்றாம் நாளோ கம்பியால் வெட்டுங்கள். இரு முனையிலும் கட்டை கட்டிய மெல்லிய எஃகுக் கம்பி கத்தியை விட நன்றாக அறுக்கும். துண்டுகள் முட்டை அளவிலிருந்து கைப்பிடி அளவு வரை ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். அவற்றை ஆறு வாரம் காயப்போட்டு விடாதீர்கள், இது முக்கியம். முழுதும் காய்ந்த துண்டு புதுக் கலவையிலிருந்து ஈரத்தை இழுத்து உப்பும், புதுக் கலவை சுருங்கும், இரண்டுக்கும் நடுவில் மயிரிழை விரிசல் ஓடும். ஒன்றிரண்டு வாரம் ஆனதும் பாலிதீனில் சுற்றி மூடி வையுங்கள், முதலில் போட்டதும் கடைசியில் போட்டதும் ஒரே ஈரத்தில் இருக்கட்டும்.

பெரிய அச்சில் ஊற்றும் நாட்களில் ஒரு அடுக்குக்கு 15 கிலோ புதுக் கலவை வரும்: எண்ணெய் 10.7 கிலோ, காஸ்டிக் 1.54 கிலோ, தண்ணீர் 3.08 கிலோ. ஒரு அடுக்கு 10 சென்டிமீட்டர் என்றால் ஆறு அடுக்கில் இரண்டடி முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு அடுக்கு மட்டும். முதல் அடுக்குத் துண்டுகளை லேசாகத் தண்ணீர் தெளித்து அடுக்கி, கலவையைக் கெட்டியாகும் முன்பே ஊற்றுங்கள். கரண்டியைத் தூக்கிச் சொட்டினால் மேலே தடம் விழுந்து ஒரு நொடி நிற்கும் பதம் போதும். சோப்பு போடுகிறவர்கள் இதை ட்ரேஸ் என்பார்கள். அதைத் தாண்டிக் கெட்டியானால் இடுக்குகளுக்குள் இறங்காது. ஊற்றியபின் அச்சின் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு அடுக்கின் மேலேயும் சில துண்டுகள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அடுத்த நாள் ஊற்றும் கலவை அவற்றைப் பிடித்துக்கொள்ளும், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் வழவழப்பான ஒரே கோடு விழாது. அந்தக் கோடுதான் பின்னால் பிளக்கும் இடம். அடுக்கின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது சோடா உப்பு. சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

வாசனைக்கு எதுவும் சேர்க்க வேண்டாம் என்பேன். கிராம்பு, பட்டை எண்ணெய்கள் கலவையைக் கண்ணெதிரே கெட்டியாக்கிவிடும். தேன், பால், சர்க்கரை எல்லாம் வெப்பத்தைக் கூட்டும். ஜவ்வாது மலைத் தேன் சேர்த்தால் கதை நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால், அதைத் தனித் துண்டாக மெல்லிய அச்சில் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாக்கல் மாவு பத்து சதவீதம் வரை புதுக் கலவையில் கலந்தால் சுருக்கம் குறையும், கட்டிக்குக் கல் போன்ற மங்கிய மேல்தோற்றமும் வரும். எனக்கு அது பிடிக்கும்.

பாத்திரத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாவட்டத்தில் பெரிய பாத்திரம் என்றதும் பிரியாணி தேக்சாதான் நினைவுக்கு வரும், வாடகைக்கும் சுலபமாகக் கிடைக்கும். தொடாதீர்கள். அலுமினியத்தில் காஸ்டிக் பட்டால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது தீப்பிடிக்கும், பாத்திரமும் ஓட்டையாகும். செம்புத் தேக்சாவின் ஈயப் பூச்சையும் காஸ்டிக் கரைக்கும்; கரைந்து வரும் செம்பு சோப்பைச் சிக்கு வாடை பிடிக்க வைக்கும். துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது. எவர்சில்வர் அண்டா ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், திரும்பச் சமையலுக்குப் போக வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். முன்பு அதில் என்ன ரசாயனம் இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். கலக்குவதற்குச் சமையலறைப் பிளெண்டர் ஐந்து கிலோவுக்கே திணறும். டிரில் இயந்திரத்தில் மாட்டும் பெயின்ட் கலக்கும் கம்பி, எவர்சில்வரில், வாங்குங்கள்.

காஸ்டிக்கை எப்போதும் தண்ணீரில் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு பங்கு காஸ்டிக்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்றால் கரைசல் 90 டிகிரியைத் தொடும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கோடையில் ஏற்கெனவே 35 டிகிரி, அதனால் கொதிநிலைக்கே போய்த் தெறிக்கலாம். முந்தின நாள் சாயங்காலமே, ஃப்ரிட்ஜில் வைத்த குளிர்ந்த நீரில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்து, மூடி, பிள்ளைகளும் நாயும் பூனையும் எட்டாத இடத்தில் ஆறவிடுங்கள். காலையில் அறை வெப்பத்தில் இருக்கும் கரைசலை எண்ணெயில் சேருங்கள். கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு இல்லாமல் யாரும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும், வினிகர் எலுமிச்சை எல்லாம் தேய்க்கக் கூடாது. கண்ணில் பட்டால் அதே போல் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இப்போது உங்கள் கிணற்று நீர். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் உவர்த்துப் போன கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பில்தான் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அந்த நீர் இந்தப் படைப்புக்குள் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்.

வேதியியலாகப் பார்த்தால், கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படலமாகிவிடும். பக்கெட் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளை அழுக்கு அதுதான். கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், ஒரு லிட்டர் நீர் சுமார் 3 கிராம் சோப்பை இப்படி வீணாக்கும். உங்கள் கட்டிக்கு மொத்தம் 46 லிட்டர்தான் தண்ணீர். வீணாவது 140 கிராம் பக்கம். 230 கிலோவில் அது ஒன்றுமே இல்லை. ஆக கிணற்று நீர் கட்டியை உடைத்துவிடாது. கவலைப்பட வேண்டியது இரும்பைப் பற்றி. நீரில் கொஞ்சம் இரும்பு இருந்தாலே எண்ணெய் சிக்குப் பிடிப்பது வேகமாகும், புள்ளிகள் விழும். இன்னொன்று, காஸ்டிக் போட்டதும் அந்த நீர் பால் போலக் கலங்கும், அடியில் வெள்ளை வண்டல் தங்கும். பயப்பட வேண்டாம், தெளியவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுங்கள்.

அதனால் இடைவெளிகளில் ஊற்றும் கலவைக்கு ஆர்.ஓ. தண்ணீரோ பேட்டரித் தண்ணீரோ எடுங்கள், கட்டியைத் தாங்கி நிற்பது அதுதான். துண்டுகளுக்குக் கிணற்று நீர் எடுங்கள். எந்தக் கிணறு, எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க கடினத்தன்மை 200, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. அந்த எண்களைக் காட்சியில் எழுதி வைப்பது பார்வையாளருக்கு உதவும். இன்னும் ஒரு யோசனை: கிணற்று நீரைச் சோப்புக்குள் வைப்பதை விடக் கழுவுவதற்கு வைப்பது கண்ணுக்கு அதிகம் தெரியும். இரண்டு தொட்டி வையுங்கள், ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், ஒன்றில் ஆம்பூர்க் கிணற்று நீர். ஒன்றில் நுரை நிற்கும், மற்றதில் திப்பி திப்பியாகப் படலம் மிதக்கும். ஒரே சோப்புதான், இரண்டு நீர்.

அச்சுக்கு வீடு கட்டுகிறவர்கள் உபயோகிக்கும் சென்ட்ரிங் பிளை போதும், உள்ளே கனமான பாலிதீன் விரித்து. மரத்தில் சோப்பு நேரடியாகப் பட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒரே மூச்சில் ஊற்றியிருந்தால் ஒவ்வொரு பக்கப் பலகையையும் சுமார் 115 கிலோ விசை வெளியே தள்ளியிருக்கும், மூலைகள் பிரிந்துவிடும். பத்து சென்டிமீட்டர் அடுக்காக ஊற்றும்போது அது மூன்று கிலோவுக்கு மேல் வராது, சாதாரணத் திருகே தாங்கும். பக்கங்கள் தனித்தனியாகக் கழலும்படி திருகு போடுங்கள், ஆணி அடிக்காதீர்கள். அச்சை மரப் பேலட்டின் மேல் வைத்தே ஊற்றத் தொடங்குங்கள். ஊற்றி முடித்தபின் 230 கிலோவுக்கு அடியில் எதையும் நுழைக்க முடியாது.

எத்தனை நாள் காய வேண்டும் என்று கேட்டீர்கள். இங்கே இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வினை முடிவது வேறு, காய்வது வேறு. வினை ஓரிரு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும், ஒரு வாரம் விட்டால் தாராளம். அதன்பின் உள்ளே இருப்பது ஈரமான, மெத்தென்ற, ஆனால் கையைச் சுடாத சோப்பு. சந்தேகம் இருந்தால், காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ஃப்தலீன் என்ற திரவத்தின் ஒரு துளியைப் புதிதாக வெட்டிய முகத்தில் விட்டுப் பாருங்கள். லேசான இளஞ்சிவப்பு வருவது இயல்பு, சோப்பே காரத்தன்மை உள்ளதுதான். அடர்ந்த ஊதாச் சிவப்பு வந்தால் காரம் மிச்சம் இருக்கிறது, அதில் யாரும் கை கழுவக் கூடாது. ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு துண்டை இப்படிச் சோதித்துவிட்டுத்தான் அச்சில் சேர்க்க வேண்டும்.

காய்வது என்பது தண்ணீர் வெளியேறுவது. ஒரு அங்குலக் கட்டிக்கு நாலைந்து வாரம். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு என்ற கணக்கு இங்கேயும் பொருந்தும், அப்படிப் பார்த்தால் இரண்டடிக் கட்டியின் நடு காய ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகும். காய வைக்க முயற்சி பண்ணினால்தான் கெடும். மேல்தோல் காய்ந்து சுருங்க, உள்ளே அப்படியே இருக்க, இழுபறியில் வெளிமுகம் வெடிக்கும். நம் ஊரின் காற்று கோடையில் வறண்டது, மின்விசிறிக்கு நேரே வைத்தால் ஒரு வாரத்தில் விரிசல் தெரியும். அதனால் அச்சைக் கழற்றியதும் பாலிதீனால் மூடிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் முழுதாக மூடியிருக்கட்டும், பிறகு தினமும் கொஞ்ச நேரம் திறந்து வைத்து மெதுவாகப் பழக்குங்கள். செதுக்கும் வேலை ஏதாவது இருந்தால் அச்சைக் கழற்றிய முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள், அப்போதுதான் கத்திக்கு இணங்கும்.

பருவத்தையும் யோசியுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டி வியர்க்கும். மே மாதம் வேண்டவே வேண்டாம். துண்டுகளை அக்டோபரில் தொடங்கி, பெரிய அச்சை டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஊற்றினால் குளிர்ச்சியும் கிடைக்கும், மழையும் விட்டிருக்கும். அதற்கு முன்னால் ஒரு அடி கனசதுரம் ஒன்றை இதே முறையில் செய்து பாருங்கள், 29 கிலோதான் வரும். ஊற்றும்போது நடுவில் ஒரு கம்பி வெப்பமானியைச் செருகி வைத்து, 70 டிகிரியைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். தாண்டினால் அடுக்கின் கனத்தைக் குறைக்க வேண்டும், அல்லது அச்சைச் சுற்றி ஈரச் சாக்கு போட வேண்டும். ஆறியபின் கம்பியால் நடுவே அறுத்து உள்முகத்தைப் பாருங்கள். துண்டும் கலவையும் பிரியாமல் ஒட்டியிருந்தால், குழி இல்லாமல் இருந்தால், பெரியதற்கு எண்ணெய் வாங்கலாம்.

காட்சி நடக்கும் கூடம் மாடியில் இருந்தால் அனுமதி கேட்கும்போதே எடையைச் சொல்லிவிடுங்கள். 230 கிலோ இரண்டடிச் சதுரத்தில் நிற்பது சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல். வீட்டுத் தளங்களுக்குத் தரநிலை கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். கீழே அகலமான பலகை போட்டுப் பாரத்தைப் பரப்பலாம், கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு. தரைத்தளம் கிடைத்தால் அதுவே சிறந்தது. கழுவும் நீர் தரையில் வழிந்தால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள், அதனால் கட்டியை ஒரு அகலமான தட்டுக்குள் நிறுத்தி, வடிநீரை டிரம்மில் பிடியுங்கள்.

பாத்திரம் கழுவிய காஸ்டிக் நீரைச் சாக்கடையில் விடாதீர்கள், அது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். பழைய சமையல் எண்ணெயைக் கலந்து சோப்பாக்கிவிட்டால் காரம் அதிலேயே தீர்ந்துவிடும், அந்தச் சோப்பு தரை துடைக்க ஆகும். காட்சி முடிந்ததும் மிச்சக் கட்டியைக் கம்பியால் பலகை பலகையாக அறுத்து ஒன்றரை மாதம் நிழலில் காயவையுங்கள், துணி துவைக்க நன்றாக இருக்கும். வந்து கை கழுவியவர்களுக்கே கொடுக்கலாம்.